பன்னிரண்டாவது மன்னிப்புக் கடிதம்

நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் இருக்கும் நாற்காலிகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அதில் உட்கார்ந்தால் என் முழங்கால்கள் இரண்டும் காதுக்கு மேலே போய்விடும். எழுந்திருக்க இரண்டு ஆளும் ஒரு கடப்பாரையும் வேண்டும். அந்த நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத்தான், புதன்கிழமைதோறும் மூன்று மணி முதல் நாலரை வரை, எங்கள் பகுதியில் நியாயம் பேசப்பட்டு வந்தது. நாலரைக்குக் கதை கேட்கக் குழந்தைகள் வந்துவிடுவார்கள். வருவார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. படையெடுப்பார்கள். அதற்குள் நியாயம் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் அடுத்த புதன்.

விஷயம் இதுதான். சில்லறை வழக்குகளை நீதிமன்றம் எங்களிடம் அனுப்பிவைக்கும். தப்புச் செய்தவரும் அதனால் பாதிக்கப்பட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, பேச வைப்பதோடு சரி. பேசி முடித்து, பாதிக்கப்பட்டவர் மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. ஏற்காவிட்டால் திரும்ப நீதிமன்றம். இதற்கு அரசாங்கம் வைத்த பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நாங்கள் 'வட்டம்' என்போம்.

வட்டத்துக்குச் சம்பளம் வாங்கும் ஆள் ஒரே ஒருவர், ஒருங்கிணைப்பாளர் மேடம். நான்கு பகுதிகளுக்கும் அவர் ஒருத்திதான். அவருடைய போனுக்கு எப்போதும் உயிர் போய்க்கொண்டே இருக்கும். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார், பிளக் பாயிண்டைத்தான் பார்ப்பார். மற்றபடி நாங்கள் இரண்டு தன்னார்வலர்கள். ஒருவர் நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பீரோ அளவு உடம்பு, கழுத்தில் இன்னும் விசில் தொங்கும், ஆகவே பெயர் விசில் மாஸ்டர். இன்னொருவன் நான்.

நான் முப்பத்தாறு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவன். பிறர் வாயிலிருந்து வந்ததை ஒரு கால், ஒரு கொம்பு கூட்டாமல் அடித்துக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் என் வீட்டுக்காரி வாசலைக் காட்டினாள். "எங்கேயாவது போய் யாரையாவது சேர்த்து வைங்க. நான் கொஞ்சம் தனியா இருக்கேன்" என்றாள். இப்படித்தான் பொதுச்சேவைக்கு வந்தேன்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கையில் பொருள் வைத்திருப்பவர்தான் பேசலாம். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆரம்பத்தில் அதற்கென்று அழகான ஒரு மரக்கட்டை இருந்தது. அதை யாரோ சுட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தால் அவருக்கும் ஒரு வட்டம் போடலாம் என்று காத்திருக்கிறோம். அதுவரைக்கும் குழந்தைகள் பகுதியிலேயே கிடந்த, ஒரு காது போன ஒட்டகச்சிவிங்கி பொம்மை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு அது மரக்கட்டையைவிட வசதி.

முதல் வருடம் நாங்கள் பட்ட பாடு நாய் படாது. தப்புச் செய்தவர்கள் ஒட்டகச்சிவிங்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் செருப்பைப் பார்த்து 'ஸாரி' என்பார்கள். செருப்பு மன்னித்துவிடும். எதிரே இருப்பவர் மன்னிக்க மாட்டார். மேடத்திடம் நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. அதில் முப்பத்தொன்பதை யாரும் படிப்பதில்லை. மேலிடம் பார்ப்பது கடைசி இரண்டைத்தான். மன்னிப்புக் கேட்கப்பட்டதா? ஏற்கப்பட்டதா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வருடத்துக்கு முப்பது 'ஆம்' சேர வேண்டும். சேராவிட்டால் வட்டத்தைக் கலைத்துவிட்டு அந்த இடத்தைப் பொம்மலாட்ட வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நீதிமன்றத்தில் பிறப்புக்கும் இறப்புக்கும், நடுவில் இருக்கிற விவாகரத்துக்கும் ஆயத்த வாசகம் உண்டு. கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதும். மன்னிப்புக்கு மட்டும் ஏன் கூடாது? ஒரு மத்தியானம் உட்கார்ந்து அடித்தேன். அடித்து முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. என் வீட்டுக்காரியும் படித்தாள். "இதை எனக்கு முப்பது வருஷம் முன்னாடி குடுத்திருக்கலாம்" என்றாள்.

கடிதம் இப்படி ஆரம்பிக்கும்: 'நான் கவனிக்கத் தவறினேன். அந்த ஒரு நொடிக் கவனக்குறைவு உங்கள் வாழ்க்கையில் எத்தனை நாட்களைத் தின்றுவிட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன். உங்கள் இடத்தில் என் சொந்த ................ வைத்துப் பார்க்கிறேன்.' புள்ளி வைத்த இடத்தில் அக்காவை, அம்மாவை, அப்பாவை, ஆளுக்கு ஏற்றபடி போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு மகானுபாவன் மட்டும், 'என் சொந்தக் கோடிட்ட இடத்தை வைத்துப் பார்க்கிறேன்' என்று கணீரென்று வாசித்தான். அவனையும் மன்னித்துவிட்டார்கள். கடிதத்தின் மகிமை அப்படி. பதினொரு பேருக்குக் கொடுத்தேன். பதினொன்றும் 'ஆம்'. மேடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிளக் பாயிண்டைப் பார்ப்பதுபோல் மலர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

அந்த வருடம் முடிய இரண்டு புதன்கிழமைகள் இருந்தபோது எங்கள் கணக்கு இருபத்தொன்பது. முப்பதாவதாக வந்ததுதான் பார்லர் அக்காவின் வழக்கு.

பார்லர் அக்கா கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவர். ஒருநாள் காலையில் கடை திறக்கப் போகும்போது, முனையில் திரும்பிய பேக்கரி வேன் ஒன்று அவர் மேல் உரசித் தள்ளிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. வேன் போய்விட்டது. எதிர்க்கடைக்காரர் வேனின் மேல் எழுதியிருந்த பேக்கரி பெயரைப் பார்த்திருந்ததால், இரண்டாம் நாளே டிரைவரைப் பிடித்துவிட்டார்கள். "இடிச்சதே எனக்குத் தெரியாது, டிரே சரிஞ்ச சத்தம்னு நெனச்சேன்" என்றார் டிரைவர். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நாலு மாதம் அக்காவால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

ஆனால் அக்கா வட்டத்துக்கு வரச் சம்மதித்தது கைக்காக இல்லை. அவர் முதல் நாளிலிருந்து ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேன் நின்றது. கொஞ்ச தூரம் போய் நின்றது. அதன் இண்டிகேட்டர் மின்னியது. ரோட்டில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாராம். பிறகுதான் போனது. இதை யாரும் நம்பவில்லை. எதிர்க்கடைக்காரர் அக்காவைத் தூக்க ஓடிவந்ததில் வேனைப் பார்க்கவில்லை. போலீஸ் 'வாகனம் நிற்காமல் சென்றது' என்று எழுதியது. டாக்டர், அதிர்ச்சியில் அப்படியெல்லாம் தோன்றும் என்றார். எல்லாரையும்விட உறுதியாக நம்பாதவர் அக்காவின் கணவர். அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். "வலியில ஒரு நொடி பத்து நொடியாத் தெரியும். நேரத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்லாதே" என்று முடித்துவிட்டார். நாலு மாதத்தில் அக்காவுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தலையில் எங்கேயாவது பட்டிருக்குமோ என்று ஸ்கேன் வரை போய்ப் பார்த்திருக்கிறார். வேன் நின்றதா, இல்லையா? அதை அந்த டிரைவர் வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அக்காவிடம் முன்கூட்டியே பேசும் வேலை மேடத்துடையது. போனில் பேசினார், எட்டு நிமிடம், அதில் மூன்று நிமிடம் சார்ஜர் தேடினார். 'ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம்' என்று ஓரத்தில் குறித்து எனக்கு அனுப்பினார். யாருக்குத்தான் ஒரு கேள்வி இல்லை என்று நான் அடுத்த தாளைத் திருப்பிவிட்டேன்.

டிரைவரிடம் பேசும் வேலை என்னுடையது. பேக்கரியின் பின்கட்டில், ஆளுயரத்துக்கு அடுக்கிய டிரேக்களுக்கு நடுவில் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். மூன்று நாள் தூங்காதவர்போல் இருந்தார். உரிமம் போனால் வேலை போகும், வேலை போனால் என்ன போகும் என்று நான் கேட்கவில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது.

"சார், அன்னிக்கு நான் கண்ணாடியில…" என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. இந்தாங்க" என்று கடிதத்தைக் கொடுத்தேன்.

"இல்ல சார், நான் சொல்ல வந்தது…"

"கேளுங்க. கவனிக்கலைன்னா அது தப்பு. கவனிச்சுட்டுப் போனேன்னா அது குத்தம். முப்பத்தாறு வருஷம் கோர்ட்டுல உக்காந்தவன் சொல்றேன். முதல் வரியிலயே 'கவனிக்கத் தவறினேன்'னு இருக்கு பாருங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுக் கரை ஏறிடுங்க."

அவர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "புள்ளி வெச்ச இடத்துல என்ன போடணும்?" என்று கேட்டார்.

"அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப அக்கா."

வேலை முடிந்தது என்று ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை வந்தது. பார்லர் அக்கா மணிக்கட்டில் பட்டை கட்டியபடி வந்தார். பின்னாலேயே அவருடைய கைப்பையைச் சுமந்துகொண்டு கணவர். ஒற்றைக் கண்ணைச் சுற்றி, பூதக்கண்ணாடி வைத்து வைத்துப் பதிந்த வளையம். சும்மா பார்த்தாலே நம்மைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும். துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று மேடம் சொன்னார்.

"வேணாம். அவர் வெளியிலயே இருக்கட்டும்" என்றார் அக்கா.

"நான் இருந்தா என்ன?"

"நீங்க இருந்தா எனக்கு மணி பார்க்கத் தோணும். போய்ப் பேப்பர் படிங்க."

கணவர் பையோடு செய்தித்தாள் பகுதிக்குப் போனார். நாங்கள் ஐந்து பேரும் அந்தச் சாண் நாற்காலிகளில் இறங்கினோம். விசில் மாஸ்டருக்கு ஒரு நாற்காலி போதாது, இரண்டு போட்டிருந்தோம். ஒட்டகச்சிவிங்கி டிரைவர் கைக்குப் போனது. அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். தாள் நடுங்கியது. இதுவும் நல்லதுதான், நடுங்கினால் எடுபடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் கவனிக்கத் தவறினேன்" என்று வாசித்தார். "அந்த ஒரு நொடிக் கவனக்குறைவு உங்கள் வாழ்க்கையில்…"

"எத்தனை நாட்களைத் தின்றுவிட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன்" என்றார் பார்லர் அக்கா.

டிரைவர் நிறுத்தினார். தாளைப் பார்த்தார். வரி சரியாகத்தான் இருந்தது.

"படிங்க" என்றார் அக்கா.

"உங்கள் இடத்தில் என் சொந்த…"

"அக்காவா, அம்மாவா?"

"அக்கா…"

"அக்காவை வைத்துப் பார்க்கிறேன். என் மனசாட்சி என்னைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. சரிதானா?"

ஒரு புள்ளி பிசகவில்லை. முப்பத்தாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான சாட்சியத்தை நான் தட்டச்சு செய்ததில்லை. என் உடம்பில் இருந்த ரத்தம் முழுக்கக் கால் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. முழங்கால் காதுக்கு மேலே இருந்ததால் அதுவும் நெடுந்தூரம்.

"இது உங்களுக்கு எப்படி…" என்று மேடம் இழுத்தார்.

"சைக்கிள் திருட்டுப் போன டியூஷன் டீச்சர் என் கடைக்குத்தான் டை போட வருவாங்க. டை போட்டா நாப்பது நிமிஷம் சும்மா உக்காரணும். ஹேண்ட்பேக்ல இருந்து இந்த லெட்டரை எடுத்துப் படிச்சுக் காட்டினாங்க. ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் ஜன்னல் உடைஞ்ச வீட்டுக்காரம்மா வந்தாங்க. அப்பவும் அழுதேன். மூணாவதா மருந்துக்கடைக்காரம்மா. அதுக்குள்ள எனக்கு மனப்பாடம். இருந்தாலும் அழுதேன், பாவம், வந்தவங்க அழறாங்கன்னு."

இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறோம். பார்லர் நாற்காலியிடம் யார் கையெழுத்து வாங்குவது?

அக்கா எழுந்தார். குரலில் கோபமே இல்லை.  "என் விஷயம் வேற மாதிரி. எனக்குன்னு ஒண்ணு சொல்லுவாருன்னு வந்தேன். நான் வரேன்."

"இவர்தான் எழுதிக் குடுத்தாரு!" என்றார் டிரைவர். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து என்னை நோக்கி நீண்டது. "நான் சொல்ல வந்ததே வேற. அதைச் சொல்லாதேன்னுட்டாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடத்தின் போன்கூட என்னைப் பார்த்து ஒரு தடவை முனகி அணைந்தது. விசில் மாஸ்டர் மெல்ல எழுந்து, டிரைவர் கையிலிருந்து பொம்மையை வாங்கி என் மடியில் வைத்தார்.

"யோவ், என்ன இது?" என்றேன்.

"மூணு கேள்வி இருக்குல்ல. நீங்களே அடிச்சு, சுவத்துல ஒட்டினது. என்ன நடந்தது, அப்ப என்ன நெனச்சீங்க, யாருக்கு என்ன பாதிப்பு. சொல்லுங்க. அம்மா, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க. இவரு பதில் சொல்ற அழகையாவது பாத்துட்டுப் போங்க."

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எனக்காக இல்லை, மாஸ்டருடைய உருவத்துக்காக.

நான் வாயைத் திறந்தேன். 'நான் கவனிக்கத் தவறினேன்' என்றுதான் வந்தது. சத்தியமாக அதுதான் வந்தது. பாதியில் விழுங்கினேன். இன்னொரு தடவை திறந்தேன். 'என் மனசாட்சி' என்று வந்தது. அதையும் விழுங்கினேன். பதினொரு பேர் வாயில் திணித்த வார்த்தைகளும் என் தொண்டையிலேயே வந்து வரிசையில் நின்றன. சொந்தமாக ஒன்றுகூட இல்லை. ஆள் ஆளுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டுச் செருப்பைப் பார்த்து 'ஸாரி' சொன்னார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் என் செருப்பைப் பார்த்தேன். வார் ஒன்று அறுகிற நிலையில் இருந்தது.

"இந்த வருஷத்துக்கு முப்பது வேணும்" என்றேன் கடைசியில். "நீங்க முப்பதாவது. அதைத்தான் நெனச்சேன். நீங்க ஒரு கேள்வி கேக்கணும்னு சொன்னீங்கன்னு எழுதி வந்துச்சு. என்ன கேள்வின்னு நான் கேக்கல. இவரும் ஏதோ சொல்ல வந்தாரு. அதையும் கேக்கல. லெட்டர்ல எல்லாம் இருக்குன்னு நெனச்சுட்டேன். அவ்வளவுதாம்மா."

அவ்வளவு மொட்டையாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது லெட்டர்ல இல்ல" என்றார்.

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

பொம்மை மறுபடி டிரைவரிடம் போனது. அவர் அதன் காது போன இடத்தைத் தடவிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். "இங்க சொன்னா வெளிய போகுமா?"

மேடம் பொய் சொல்லியிருக்கலாம். முப்பதாவது வழக்கு, நாலு மணி பத்து நிமிடம், போன் வேறு செத்துக் கிடந்தது. "கோர்ட்டுல இதை வெச்சு உங்களை ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இதுவரைக்கும் பண்ணினதில்ல. அதுக்கு மேல கையடிச்சுச் சொல்ல என்னால முடியாது. டை போடற இடம் வரைக்கும் போகுதுன்னு இப்பதான் எனக்கே தெரியுது" என்றார்.

 கதவுக்கு வெளியே குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும் சத்தம் கேட்டது. ஒன்று கதவைப் பிறாண்டியது.

"டிரே சரிஞ்ச சத்தம்னு நெனச்சேன்னு சொன்னேன். அது பொய்" என்றார். "இடிச்சது தெரிஞ்சுச்சு. நிறுத்தினேன். கண்ணாடியில பாத்தேன். நீங்க ரோட்டுல உக்காந்திருந்தீங்க. ஒரு செருப்பு தனியாக் கிடந்துச்சு. ஓரங்கட்டி இறங்கலாம்னு இண்டிகேட்டரைப் போட்டேன்."

அக்கா நாற்காலி நுனியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"கதவுல கையே வெச்சுட்டேன். அப்ப நீங்க இந்தக் கையைத் தூக்கினீங்க. சரி, கையைத் தூக்கறாங்க, நல்லாத்தான் இருக்காங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இண்டிகேட்டரை அணைச்சுட்டுப் போயிட்டேன்."

"உங்களைக் கூப்பிடத்தான் தூக்கினேன்."

"தெரியும்" என்றார் டிரைவர். "அப்பவே தெரியும்."

 பிறாண்டிய குழந்தைகூட நிறுத்திவிட்டது.

"பதினொரு தடவை" என்றார் அக்கா.

"என்ன?"

"இண்டிகேட்டர். பதினொரு தடவை மின்னுச்சு. எண்ணினேன். அணைஞ்சதும், இதோ இறங்கப் போறாருன்னு நெனச்சேன்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அழுவார் என்று நினைத்தேன். மூன்று பேருக்கு வந்த கடிதத்துக்கு அழுதவர், இதற்கு அழவில்லை. அடிபட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை ஒரு தடவை ஆழமாக இழுத்து விட்டார். நாலு மாதமாக உள்ளேயே வைத்திருந்த மூச்சு. புத்தக அலமாரியே ஒரு அங்குலம் நகர்ந்தது என்பேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

"நின்னுச்சு" என்றார் தனக்குத்தானே. "நின்னுச்சுல்ல."

மேடத்துக்கு வேறு வழியில்லை, படிவத்தை எடுத்தார். "மன்னிக்கணும், இதைக் கேட்டே ஆகணும். மன்னிப்பை ஏத்துக்கறீங்களா? ஆமாவா, இல்லையா?"

"இல்ல" என்றார் அக்கா.

டிரைவரின் முகம் வெளுத்தது. என் மனக்கண்ணில் பொம்மலாட்டக்காரர்கள் மூட்டையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஆனா இவர் கோர்ட்டுக்கும் போக வேணாம். எனக்கு இது போதும்."

"அப்படிக் கட்டம் இல்லையே அக்கா. இல்லைன்னா கோர்ட்டு. ஆமான்னா முடிஞ்சுது."

"மன்னிக்கிறதுக்கு எனக்கு இன்னும் நாள் வேணும். அது என் கை மாதிரி, அதுபாட்டுக்கு ஆறும், ஆறாமயும் போகும். அதுக்காக இவர் வேலை ஏன் போகணும்? நீங்க கட்டம் போட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

மேடம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டங்களையும் பார்த்தார். 'ஆம்' என்பதில் ஒரு கோடு போட்டால் அவருக்கும் எங்களுக்கும் அடுத்த வருடம் உண்டு. யாரும் சரி பார்க்கப் போவதில்லை. அவர் 'இல்லை' என்பதில் கோடு போட்டார். பக்கத்து ஓரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல், அக்கா சொன்னதை அப்படியே எழுதினார். ஓரத்தில் எழுதக்கூடாது என்று அந்தப் படிவம் அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து முந்நூறு தடவை திரும்பி வந்தது. சரி, மூன்று தடவை. வட்டம் இருக்குமா, கலையுமா என்பது இன்னும் எங்களுக்குத் தெரியாது. டிரைவர் இன்றுவரை வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் எந்தத் தபால் வந்தாலும், கோர்ட்டிலிருந்தா என்று முதலில் உறையைத் திருப்பிப் பார்க்கிறார்.

நான் தாண்டிப் போகிறேன். அன்று இன்னும் முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் அக்கா. "இதை வெளிய ஒருத்தர்கிட்ட சொல்லணும்."

"இங்க பேசினதை நீங்க வெளிய சொல்லக் கூடாதே" என்று மேடம் தயங்கினார்.

"நான் சொன்னா நாலு மாசமா நம்பல, இனிமேயும் நம்ப மாட்டாரு. வார்த்தை வெளிய போகக் கூடாது, சரி. ஆளு போகலாம்ல?"

டிரைவருக்குப் புரிந்தது. எங்களுக்குப் புரியும் முன்பே புரிந்தது. அவர் எழுந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது, விசில் மாஸ்டர் பிடுங்கிவிட்டார். "எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

கதவைத் திறந்ததும் முப்பது குழந்தைகள் எங்களுக்கு எதிர்த் திசையில் உள்ளே பாய்ந்தார்கள். நீந்தித்தான் வெளியே வந்தோம். 'அமைதி காக்கவும்' என்று எழுதிய பலகைக்குக் கீழே, பேப்பரை விரித்தபடி, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார் கடிகாரக்காரர். டிரைவர் அவர் எதிரில் போய் நின்றார். ஒட்டகச்சிவிங்கியைக் கீழே வைக்க மறந்துவிட்டிருந்தார்.

"நான்தாங்க அந்த வேன் டிரைவர்" என்றார். "வண்டியை நிறுத்தினேன். உங்க வீட்டம்மாவைப் பாத்தேன். இண்டிகேட்டர் போட்டேன். அப்புறம் போயிட்டேன்."

கணவர் பேப்பரை மெல்ல இறக்கினார். வளையம் பதிந்த கண்ணால் டிரைவரைப் பார்த்தார். கோபப்பட்டு எழுந்து அடிப்பாரோ என்று மாஸ்டர் விசிலில் கை வைத்தார். ஆனால் அவர் கேட்டது இதைத்தான். "எத்தனை நொடி?"

"எண்ணலைங்க. ஆனா குறைச்சல் நேரம் இல்ல."

"பதினொரு தடவை மின்னுச்சுன்னு சொல்றா."

"அப்ப பதினொண்ணாத்தான் இருக்கும்."

கடிகாரக்காரரின் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. ஒரு தடவை மின்ன இத்தனை நொடி, பதினொன்றுக்கு இத்தனை. நாலு மாதம் பெண்டாட்டி சொன்னபோது போடாத கணக்கு. போட்டு முடித்ததும், கழற்றிய கடிகாரத்தில் ஒரு பல்சக்கரம் குறைகிறது என்று கண்டுபிடித்தவரைப்போல் மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப… நீ சொன்னது…" என்றார்.

அக்கா இடது கையை நீட்டித் தன் கைப்பையைக் கேட்டார். அவர் பையை விடவில்லை. எழுந்தார், எதையோ தொடங்கினார், தொண்டையைச் செருமினார், மறுபடி தொடங்கினார். ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. உதவி தேடிச் சுற்றிலும் பார்த்த அந்தக் கண், கடைசியில் என் மேல் வந்து நின்றது.

எனக்குக் கை துறுதுறுத்தது. சட்டைப்பையில் இன்னும் ஒரு பிரதி இருந்தது, கோடிட்ட இடம் நிரப்பாதது.

பார்லர் அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார்" என்றார், கணவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இவருக்கு லெட்டர் கிட்டர் எழுதிக் குடுத்துடாதீங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் நிக்கறேன்."